இரண்டு டியூஐ, சனிக்கிழமை இரண்டு பியர்: செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: சொந்த ஊர் திருச்சி. 2008-இல் அமெரிக்கா வந்தேன். 2014-இல் கிரீன் கார்டு, 2019-இல் குடியுரிமை. மேரிலாந்தில் வசிக்கிறேன். 2016-இல் இங்கே குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக (டியூஐ) பிடித்தார்கள். வக்கீல் ‘பிபிஜே’ (தீர்ப்பு எழுதாமல் நன்னடத்தையில் விடுவது) வாங்கிக் கொடுத்து, “இது தண்டனையே இல்லை, மறந்துவிடுங்கள்” என்றார். 2023-இல் வர்ஜீனியாவில் மறுபடி மாட்டினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். லைசென்ஸ் ஓராண்டு போயிற்று, காரில் ஊதும் கருவி பொருத்தினார்கள், குடித்து ஓட்டியவர்களுக்கான ‘வாசாப்’ திட்டத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்து அனுப்பிய மையத்தில் ‘குடிநோய், நடுத்தர நிலை’ என்று எழுதி 12 வாரம் சிகிச்சை தந்தார்கள். இனிமேல் தொடக்கூடாது என்றும் சொன்னார்கள். ஓராண்டுக்கு மேல் தொடவில்லை. இப்போது சனிக்கிழமை இரண்டு பியர், அவ்வளவுதான். ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. டாப் சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது அரசின் உயர்மட்ட ரகசியங்களைக் கையாளும் அனுமதி, வேண்டும். இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும் இ-ஆப் லிங்க் வந்துவிட்டது. 2016 விவகாரத்தை எழுத வேண்டுமா? குடியை விட்டுவிட்டேன் என்று எழுதலாமா? சிகிச்சைக்குப் போனதே எனக்கு எதிராகத் திரும்புமா? எப்படியும் கிடைக்காது என்றால் இப்போதே ஒதுங்கிவிடட்டுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு டியூஐ இருந்தால் கிளியரன்ஸ் கிடையாது என்று எந்த விதியும் இல்லை. இத்தனை வருடம் கழித்தால் கட்டாயம் உண்டு என்றும் விதி இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு ஆபத்தாகப் படுவது ‘சனிக்கிழமை இரண்டு பியர்’ என்ற வரி. இரண்டு கைதுகளும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

ஏன் அப்படி என்றால், மதிப்பிடுபவர் கையில் இருக்கும் அளவுகோல் அப்படி. 2017 ஜூன் 8 முதல் நடப்பில் இருப்பது ‘சீட்-4’ என்ற உத்தரவு. பென்டகன், எரிசக்தித் துறை, உளவு அமைப்புகள் எல்லாவற்றுக்கும் அதுதான். சீக்ரெட் என்றாலும் டாப் சீக்ரெட் என்றாலும் அளவுகோல் மாறாது. விசாரணையின் ஆழம்தான் கூடும். ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டிகள் இருக்கின்றன. மது வருவது ‘ஜி’-யில். அதன் 22-ஆம் பத்தி கவலைக்குரிய நிலைமைகள் ஏழைச் சொல்கிறது. உங்கள் மேல் பாய்பவை குறைந்தது மூன்று. முதலாவது, வேலைக்கு வெளியே நடந்த மது தொடர்பான சம்பவம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, அடிதடி, வீட்டில் மனைவி பிள்ளைகளைத் துன்புறுத்துவது எல்லாம் இதில் அடக்கம். அடிக்கடி குடிப்பவராகவோ குடிநோய் உள்ளவராகவோ இருக்க வேண்டியதுகூட இல்லை, சம்பவமே போதும். இரண்டாவது, தகுதியுள்ள மருத்துவரோ உளவியலாளரோ குடிநோய் என்று கண்டறிந்திருப்பது. மூன்றாவதுதான் கனமானது: குடிநோய் என்று கண்டறிந்த பிறகும் சிகிச்சை ஆலோசனைக்கு மாறாகக் குடிப்பது. நீங்கள் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்வது இதைத்தான். பியர் இரண்டா இருபதா என்பது இங்கே கேள்வியே இல்லை.

2016-இலும் 2023-இலும் நடந்தவை பழசாகிக்கொண்டே போகும். சனிக்கிழமை பியர் ஒவ்வொரு வாரமும் புதிதாகிறது. மதிப்பீட்டாளர் கணக்குப் பார்க்கும்போது கடைசிச் சம்பவத்தின் தேதியை 2023 என்று எழுதமாட்டார், போன வாரம் என்று எழுதுவார்.

இதற்கு எதிர்ப்பக்கம் 23-ஆம் பத்தியில் இருக்கிறது. கவலையைத் தணிக்கும் நிலைமைகள் நான்கு. காலம் நிறையக் கடந்துவிட்டது, அல்லது அபூர்வமான சூழ்நிலையில் நடந்தது என்பது ஒன்று. ஏழு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை மாட்டிய உங்களுக்கு இது தனியாக நிற்காது. தன் குடி பிரச்சினைதான் என்று ஒப்புக்கொண்டு, மீள எடுத்த நடவடிக்கைக்குச் சான்று காட்டி, ‘சிகிச்சை ஆலோசனைக்கு இணங்க’ குடியைக் குறைத்தோ நிறுத்தியோ நிலையாக நடந்துவருவது இன்னொன்று. சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது, முன்பு சிகிச்சை பெற்று மறுபடி விழுந்த வரலாறு இல்லை, முன்னேற்றம் திருப்திகரம் என்பது மூன்றாவது. சிகிச்சையையும் அதன் பின்தொடர் ஆலோசனைகளையும் முடித்து, மறுபடியும் அதே ‘ஆலோசனைக்கு இணங்க’ நடந்துகாட்டுவது நான்காவது. நான்கில் இரண்டில் அந்தச் சொற்கள் வருவதைக் கவனியுங்கள். குறைத்துக் குடிப்பதை வழிகாட்டி ‘ஜி’ மறுக்கவில்லை. குடிநோய் என்று யாரும் சொல்லாத ஒருவர், ஒரு டியூஐக்குப் பிறகு மாதம் ஒரு கிளாஸ் வைன் என்று குறைத்துக்கொண்டால் அது அவருக்குச் சாதகமாகவே எண்ணப்படும். உங்கள் கோப்பில் ‘தொடக்கூடாது’ என்ற வரி இருக்கிறது. அதனால் அதே கிளாஸ் உங்களுக்கு எதிராக எண்ணப்படும்.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று. மனநோய்களை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி குடிநோய்க்கு 11 அறிகுறிகள். 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் தீவிரம். அடங்காத ஆசையைத் தவிர வேறெந்த அறிகுறியும் 12 மாதம் தலைகாட்டாவிட்டால் ‘நீடித்த தணிவு’ என்று எழுதலாம். குடிப்பது என்பதே ஓர் அறிகுறி அல்ல. ஆகவே இன்று ஒரு நல்ல மருத்துவரிடம் போனால், இரண்டு பியர் குடிக்கும் உங்களைக் குறித்தே அவர் மனசாட்சியோடு ‘நீடித்த தணிவு’ என்று எழுத முடியும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டதாக நினைத்தவர்கள் தோற்றிருக்கிறார்கள். மருத்துவம் கேட்கும் கேள்வி நோய் இருக்கிறதா என்பது. கிளியரன்ஸ் கேட்கும் கேள்வி, சொன்னதைக் கேட்டு நடக்கும் ஆளா என்பது. ரகசியக் காகிதத்தை நம்பி ஒப்படைப்பவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வார்கள்? சீட்-4 வெளிப்படையாகவே சொல்கிறது: சந்தேகத்தின் பலன் தேசப் பாதுகாப்புக்கு. 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘கடற்படை எதிர் ஈகன்’ வழக்கைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கிளியரன்ஸ் யாருடைய உரிமையும் அல்ல, தவறு நேர்ந்தால் அது மறுப்பின் பக்கமே நேரட்டும் என்று சொன்ன தீர்ப்பு. அந்த ஈகன், வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டன் பகுதியில் டிரைடன்ட் நீர்மூழ்கிகளைப் பழுதுபார்க்கும் தளத்தில் கூலித் தொழிலாளி. அவருக்கு மறுத்ததற்குச் சொன்ன காரணங்களில் பழைய குற்றத் தண்டனைகள் உண்டு, இரண்டு தண்டனைகளைப் படிவத்தில் மறைத்தது உண்டு, தனக்கு முன்பு குடிப் பிரச்சினை இருந்தது என்று அவரே சொன்னதும் உண்டு. குற்றம், மறைப்பு, குடி என்ற அந்த மூன்றும் இன்றும் சேர்ந்தேதான் வருகின்றன. டியூஐ வந்தால் ‘ஜி’-யோடு குற்ற நடத்தைக்கான ‘ஜே’-யும் சேரும். மறைத்தால் தனிப்பட்ட நடத்தைக்கான ‘இ’-யும் சேரும். மூன்றில் ‘இ’-யிலிருந்து மீள்வதுதான் மிகக் கடினம்.

இனி படிவம். இ-ஆப்பில் நீங்கள் நிரப்பும் படிவத்தின் பெயர் எஸ்எஃப்-86. அதன் 22-ஆம் பிரிவு காவல்துறைப் பதிவுகளைக் கேட்கிறது. முதலில் கடந்த 7 ஆண்டு என்று கேட்டுவிட்டு, அடுத்து ‘எப்போதாவது’ என்று ஒரு தொகுதி வருகிறது. அதில் ஒன்று: மது அல்லது போதைப்பொருள் தொடர்பான குற்றம் எப்போதாவது உங்கள் மேல் சாட்டப்பட்டதா? கேட்பது சாட்டப்பட்டதா என்று, தண்டிக்கப்பட்டதா என்று அல்ல. பிபிஜே என்றால் நீதிபதி தீர்ப்பை எழுதாமல் நிறுத்தி நன்னடத்தையில் விட்டார் என்று அர்த்தம், சாட்டப்பட்டது நீங்காது. அதனால் 2016-ஐ எழுதியாக வேண்டும். உங்கள் வக்கீல் சொன்னது மேரிலாந்து லைசென்ஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் பொருந்தலாம், இந்தப் படிவத்துக்குப் பொருந்தாது. பதிவு அழிக்கப்பட்டிருந்தாலும், முத்திரையிட்டு மூடப்பட்டிருந்தாலும் எழுதத்தான் வேண்டும். விதிவிலக்கு சில மத்திய போதைப்பொருள் வழக்குகளுக்கு மட்டுமே. 300 டாலருக்குக் குறைவான டிராஃபிக் அபராதத்தை எழுத வேண்டாம் என்ற சலுகையும் மது கலந்திருந்தால் கிடையாது.

24-ஆம் பிரிவு மதுவுக்கே உரியது. கடந்த 7 ஆண்டில் குடியால் வேலையோ உறவோ பணநிலையோ பாதிக்கப்பட்டதா, போலீஸ் தலையிட்டதா என்பது முதல் கேள்வி. பிறகு வரும் மூன்று கேள்விகளுக்கும் கால வரம்பே கிடையாது: ஆலோசனையோ சிகிச்சையோ பெறும்படி யாராவது எப்போதாவது உத்தரவிட்டார்களா, சொன்னார்களா, கேட்டுக்கொண்டார்களா? நீங்களாக எப்போதாவது நாடினீர்களா? வேறெங்காவது பெற்றீர்களா? ‘கேட்டுக்கொண்டார்களா’ என்பதற்குள் மனைவியும் குடும்ப டாக்டரும் அடக்கம். 2016-இல் நீதிமன்றம் வகுப்புக்கு அனுப்பியிருந்தால் அதுவும் இங்கே வரும். ஒவ்வொன்றுக்கும் மாதம், வருடம், இடம், முகவரி, முடித்தீர்களா என்ற விவரம் கேட்பார்கள்.

‘குடியை விட்டுவிட்டேன்’ என்று எழுதலாமா என்கிறீர்கள். விட்டிருந்தால் எழுதலாம். விடாமல் எழுதினால் அது மத்திய சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பு, 1001-ஆம் பிரிவில் வரும் பொய் வாக்குமூலம். 5 ஆண்டு வரை சிறை. வழக்குப் போடுவது அபூர்வம்தான். ஆனால் அந்த ஒரு வரியால் வழிகாட்டி ‘இ’ திறந்துகொள்ளும். பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளையும் நம்பமாட்டார்கள். விளக்கம் எழுதும் பெட்டியில் நான்கைந்து வாக்கியம் போதும். எந்தத் தேதியில் என்ன நடந்தது, ரத்தத்தில் மது அளவு எவ்வளவு, நீதிமன்றம் என்ன சொன்னது, எந்தச் சிகிச்சையை எப்போது முடித்தீர்கள், எந்த மாதம் மறுபடி குடித்தீர்கள், எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள். போலீஸ்காரர் இனவெறியர், அன்று மன உளைச்சல், நண்பன் ஊற்றிக் கொடுத்தான் என்பதெல்லாம் வேண்டாம். பழியை வெளியே தள்ளும் ஒவ்வொரு வரியும் ‘ஒப்புக்கொள்கிறார்’ என்ற தணிப்பைத் தின்றுவிடும்.

படிவத்தை நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர் பார்ப்பார் என்று கூச்சப்படாதீர்கள். முழுமையாக நிரப்பியிருக்கிறதா என்று சரிபார்க்க மட்டுமே அவருக்கு அனுமதி. வேறெதற்கும் அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது விதி.

அடுத்தது நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் உங்கள் தேதிகளைப் பார்த்ததும் எழுந்தது. 2016-இல் கைது, 2019-இல் குடியுரிமை. குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா’ என்ற கேள்விக்கு என்ன எழுதினீர்கள்? ஆம் என்று எழுதி நீதிமன்றத் தாளும் கொடுத்திருந்தால் கவலை இல்லை. வக்கீலின் ‘மறந்துவிடுங்கள்’-ஐ நம்பி இல்லை என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. விசாரணையில் உங்கள் குடியேற்றக் கோப்பைப் பார்ப்பார்கள். எஸ்எஃப்-86-இல் ஆம், என்-400-இல் இல்லை என்று இரண்டும் அடுத்தடுத்து மேசையில் இருக்கும். முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற குடியுரிமையை நீதிமன்றம் வழியாக ரத்து செய்ய சட்டத்தில் இடம் உண்டு. அதற்காக எஸ்எஃப்-86-இலும் பொய் எழுதலாமா என்றால் கூடாது. அந்த நிலையில் இ-ஆப்பில் கையெழுத்திடும் முன் குடியேற்ற வக்கீலை நேரில் பாருங்கள். வேலை கைநழுவினாலும் பரவாயில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். செய்ய வேண்டிய முதல் வேலை இன்றே நிறுத்துவது. நிறுத்துவதிலும் தேதிக்கு மதிப்பு உண்டு. கைது ஆன பிறகு நிறுத்துவது, படிவம் நிரப்பும் முன் நிறுத்துவது, கிளியரன்ஸ் தரத் தயங்கி அரசு அனுப்பும் காரண அறிக்கை வந்த பிறகு நிறுத்துவது என்று மூன்றையும் மூன்று எடையில்தான் வைப்பார்கள். கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய எடையே இல்லாதது. ஒரு எச்சரிக்கை: உண்மையில் தினமும் நிறையக் குடித்துவந்தால் திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

இரண்டாவது, உங்கள் பழைய கோப்புகளை நீங்களே வாங்கிப் படியுங்கள். போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்குத் தனி மத்தியப் பாதுகாப்பு விதி இருக்கிறது. உங்கள் கையெழுத்து இல்லாமல் மையம் அவற்றை வெளியே கொடுக்காது. ஆனால் விசாரணையில் அந்தக் கையெழுத்தைக் கேட்பார்கள். கொடுக்க மறுப்பதும் ஒரு பதில்தான், நல்ல பதில் அல்ல. அதனால் அவர்கள் படிக்கும் முன் நீங்கள் படித்துவிடுங்கள். சேர்க்கையின்போது கொடுத்த கணக்கு அங்கே எழுதியிருக்கும்: வாரம் எத்தனை, எத்தனை வயதிலிருந்து, நினைவு தப்பியது எத்தனை முறை. விசாரணை அதிகாரியிடம் நீங்கள் சொல்லப்போகும் கணக்கு அதோடு ஒத்துப்போக வேண்டும். மையத்தில் வாரம் பன்னிரண்டு, அதிகாரியிடம் வாரம் மூன்று என்று இருந்தால் குடியைவிட அந்த வித்தியாசம்தான் உங்களைக் கவிழ்க்கும்.

கணக்கு என்றதும் நம்மவர்கள் தடுமாறுவது அளவில். அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 14 கிராம் சுத்த ஆல்கஹால். 5 சதவீத பியர் 12 அவுன்ஸ், அல்லது 40 சதவீதச் சரக்கு ஒன்றரை அவுன்ஸ். 16 அவுன்ஸ் கேனில் வரும் 8 சதவீத ஐபிஏ ரக பியர் ஒன்றே இரண்டு டிரிங்க்ஸுக்கு மேல். உங்கள் ‘இரண்டு பியர்’ அந்த ரகம் என்றால் அது நாலு டிரிங்க்ஸைத் தாண்டுகிறது. ஆண்களுக்குச் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஐந்து என்பது மிதமிஞ்சிய குடியின் எல்லை. அதன் வாசலில் நிற்கிறீர்கள். ஊருக்குப் போனபோது எவ்வளவு என்று கேட்டால் ‘ஒரு குவார்ட்டர்’ என்று சொல்லிவிட்டு ஒன்று என்று எழுதவிடாதீர்கள். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் அதுவும் நாலு டிரிங்க்ஸுக்கு மேல்தான். கைதான இரவுக்கும் இதே கணக்குத்தான். போலீஸ் பதிவில் ரத்த மது அளவு 0.15 அல்லது 0.17 என்று இருந்தால் ‘இரண்டே இரண்டுதான் குடித்தேன்’ என்ற கதையை யாரும் ஏற்கமாட்டார்கள். இரண்டு வழக்குகளின் மது அளவும் என்ன என்று தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, புதிய மதிப்பீடு. முடிந்தால் அதே மையத்துக்கே போங்கள். ‘குடிக்கலாம்’ என்று சொல்பவர் கிடைக்கும்வரை ஆள் மாற்றிக்கொண்டே போவது எளிதில் வெளியே தெரிந்துவிடும். மதிப்பிடுபவர் மருத்துவர், மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், உரிமம் பெற்ற மருத்துவச் சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவராக இருப்பது நல்லது. சீட்-4 பெயர் சொல்லிக் காட்டுபவர்கள் இவர்கள். யோகா ஆசிரியரின் கடிதம் இந்த இடத்துக்கு உதவாது. இரண்டு போலீஸ் அறிக்கைகளையும், பழைய சிகிச்சைப் பதிவையும், வாசாப் முடித்த சான்றையும் கையோடு எடுத்துப் போய்க் கொடுங்கள். இங்கேதான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். நீங்கள் சொன்னதை மட்டும் கேட்டு எழுதிய அறிக்கையை அரசுத் தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்: “2016 கைது பற்றி இவரிடம் சொன்னீர்களா?” அறிக்கையில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார், இன்றைய நிலை என்ன, இனி எப்படி இருக்கும் என்ற கணிப்பு, இனி என்ன செய்ய வேண்டும் என்ற ஆலோசனை. அந்த ஆலோசனையை அட்சரம் பிசகாமல் பின்பற்றுங்கள்.

சான்றுக்கு ரத்தப் பரிசோதனையும் சேருங்கள். ‘பெத்’ எனப்படும் பரிசோதனை கடந்த இரண்டு முதல் நான்கு வாரக் குடியைக் காட்டும். பொதுவாக மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்கவில்லை அல்லது மிகக் குறைவு. 200-ஐத் தாண்டினால் கனத்த குடி. இப்போது ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று எடுத்துவந்தால் ஆறு மாதத்தில் ஒரு வரிசை உருவாகும். சிறுநீரில் பார்க்கும் ‘இடிஜி’ சில நாள்களை மட்டுமே காட்டும். அது தனியாகப் போதாது. குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை எழுதித் தந்தால் மருந்துக்கடை ரசீதுகளும் சான்றே. குடியை விட முயல்பவர்கள் கூடும் ஏஏ கூட்டங்களுக்குப் போனால் வருகைக் குறிப்பும் வழிகாட்டியாக இருப்பவரின் கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வழிகாட்டியில் ஏஏ பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருந்தது, இப்போதையதில் இல்லை. அதனால் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்கள் ஸ்மார்ட் ரிகவரி போன்ற வேறு குழுவுக்குப் போனாலும் குறை இல்லை. ‘இனி சத்தியமாகக் குடிக்கமாட்டேன்’ என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு மட்டும் பெரிய மதிப்பு வைக்காதீர்கள். கையெழுத்திட்ட உறுதிமொழியை ஒரு தணிப்பாகச் சொல்வது போதைப்பொருளுக்கான வழிகாட்டி ‘எச்’. மதுவுக்கான ‘ஜி’ அப்படிச் சொல்லவில்லை.

சிகிச்சைக்குப் போனது எதிராகத் திரும்புமா என்ற கேள்விக்கு இதிலேயே பதில் வந்துவிட்டது. நோயைக் கண்டறிந்தது ஒரு புள்ளி எதிரே. சிகிச்சையை முடித்தது அதைவிடப் பெரிய புள்ளி சாதகமாக. மறுபடி போனால், அதுவும் யாரும் துரத்தாமல் போனால், முழு மனிதரையும் எடைபோட சீட்-4 சொல்லும் ஒன்பது காரணிகளில் ‘திருந்தினாரா’ என்பதற்கு அது நேரடிச் சான்று.

நேர்காணலில் அதிகாரி உங்களை மட்டும் கேட்கமாட்டார். அக்கம்பக்கம், பழைய மேலாளர், நீங்கள் பெயர் கொடுத்த நண்பர்கள் எல்லோரையும் கேட்பார்: இவர் அளவுக்கு மீறிக் குடிப்பாரா? பேஸ்மென்ட் பார்ட்டியில் உங்களைப் பார்த்தவரை ‘குடிக்கவே மாட்டார்’ என்று சொல்லும்படி தயார் செய்யாதீர்கள். அதைவிட முக்கியமாக, இந்தக் கைதுகள் யார் யாருக்குத் தெரியும் என்றும் கேட்பார். மறைத்து வைத்திருக்கும் ரகசியம் உங்களை மிரட்ட உதவும் என்பது அவர்கள் கணக்கு. திருச்சியில் இருக்கும் அப்பாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் மனைவிக்கும் வேலை கொடுப்பவருக்கும் தெரியாமல் இருக்கக்கூடாது. ‘யாருக்குத் தெரிந்தாலும் எனக்குப் பயமில்லை’ என்று அதிகாரியிடம் சொல்லும்போது அது உண்மையாக இருக்க வேண்டும். பிறகு நேர்காணல் சுருக்கத்தை அனுப்பி, சரியா என்று எழுத்துக் கேள்விகளோடு கேட்கக்கூடும். தவறு இருந்தால் அப்போதே திருத்துங்கள். சரி என்று கையெழுத்திட்டால் அது உங்கள் வாக்குமூலம். அரசு நியமிக்கும் உளவியலாளரிடம் போகச் சொன்னால் போய் வாருங்கள். மறுப்பதும் வழிகாட்டி ‘இ’-யில் வரும்.

உங்கள் நிலைமையில் எஸ்ஓஆர் எனப்படும் காரண அறிக்கை வரலாம் என்றே எதிர்பாருங்கள். அது மறுப்பு அல்ல. ஏன் கொடுக்கத் தயங்குகிறோம் என்ற பட்டியல். ஒப்பந்த நிறுவன ஊழியர்களுக்கு அதை விசாரிப்பது பென்டகனின் ‘டோஹா’ அலுவலகம். பதிலுக்கு 20 நாள். ஒவ்வொரு பத்திக்கும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுதி, சத்தியப் பிரமாணத்தோடு அனுப்ப வேண்டும். நேர்முக விசாரணை வேண்டுமா, காகிதத்தை வைத்தே முடிவு செய்தால் போதுமா என்பதையும் அதில் சொல்ல வேண்டும். மது வழக்குகளில் நேர்முக விசாரணையைக் கேளுங்கள் என்பதே என் கருத்து. திருந்திய மனிதரா என்பது காகிதத்தில் தெரிவதைவிட ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது நன்றாகத் தெரியும். காகித வழியை எடுத்தால் அரசுத் தரப்புக் கோப்பு கைக்கு வந்தபின் 30 நாளுக்குள் எல்லாச் சான்றையும் அனுப்பிவிட வேண்டும். தோற்றால் 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டில் புதிய சான்று எதையும் பார்க்கமாட்டார்கள். ‘பெத்’ முடிவு வீட்டு மேசை டிராயரில் இருந்தது என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது. பழைய தீர்ப்புகளைப் பெயர்களை நீக்கி டோஹா தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. இரண்டு டியூஐ உள்ளவர்களின் தீர்ப்பில் ஐந்தாறு படியுங்கள். எத்தனை மாதம் குடிக்காமல் இருந்தால் போதும் என்று நிலையான எண் ஏதும் இல்லை என்பது புரியும்.

ஆதரவுக் கடிதங்கள் பற்றி ஒரு வார்த்தை. கோயில் கமிட்டித் தலைவர் ‘தங்கமான மனிதர்’ என்று எழுதித் தருவதால் பயன் இல்லை. எழுதுபவருக்கு இரண்டு கைதுகளும் தெரியும், மறுபடி குடித்ததும் தெரியும், வாரத்தில் எத்தனை நாள் உங்களைப் பார்க்கிறார், கடைசியாக எப்போது நீங்கள் குடிப்பதைப் பார்த்தார் என்று கடிதத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுதக்கூடியவர்கள் இரண்டு பேர் போதும்.

ஆகவே வேலையை நீங்களாக விட வேண்டாம். இடைக்கால கிளியரன்ஸ் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். இந்த வரலாற்றோடு அது கிடைப்பது அரிது, மறுத்தால் மேல்முறையீடும் இல்லை. இறுதி முடிவுவரை மாதக்கணக்கில் காத்திருக்க நிறுவனம் தயாரா என்று இப்போதே கேளுங்கள். தயாரில்லை என்றாலும், முறையான மறுப்பு வாங்காமல் விலகியவர் பிறகு வேறு வேலை வழியாகத் தடையில்லாமல் வரலாம். டோஹாவில் மறுப்பு வாங்கியவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். உங்களைப் போன்ற ஒருவர் குடிக்காத ஓராண்டைக் கையில் வைத்துக்கொண்டு வருவதற்கும், குடிக்காத மூன்று வாரத்தை வைத்துக்கொண்டு வருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நிறுவனம் அவசரப்படுத்தாவிட்டால் அந்தக் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கிளியரன்ஸ் கிடைத்துவிட்டால் சீட்-3 என்ற இன்னொரு உத்தரவு உங்களைப் பிடித்துக்கொள்ளும். கைது ஆனாலும், குடிக்காகச் சிகிச்சைக்குப் போனாலும் பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே சொல்ல வேண்டும். தொடர் கண்காணிப்பு வந்துவிட்டதால் கைதுத் தகவல் அவர்களுக்குத் தானாகவே போய்ச் சேரும். நீங்கள் முந்திக்கொண்டீர்களா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வாரத்துக்கான வேலை: என்-400 நகலை எடுத்துப் பாருங்கள், இரண்டு நீதிமன்றங்களிலும் சிகிச்சை மையத்திலும் பதிவு கேட்டு எழுதுங்கள், மதிப்பீட்டுக்கு நேரம் வாங்குங்கள், ஆவணங்கள் வர அவகாசம் வேண்டும் என்று பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். கையெழுத்து கடைசியில். சமர்ப்பித்ததும் படிவத்தின் முழு நகலை இறக்கிச் சேமித்து வையுங்கள். ஐந்தாண்டு கழித்து அதே படிவத்தைப் புதுப்பிக்கச் சொல்வார்கள், அப்போது எழுதும் தேதிகளை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.